லேபிலிருந்து வந்த பெட்டி

என் வீட்டுக்காரருக்கு நாற்பத்து மூன்று வயதில் புதுப் பெயர் வைத்தார்கள். அங்கிள். வகுப்பில் மற்ற எல்லோரும் காலேஜ் முடித்த கையோடு வந்த பிள்ளைகள். அவர்களுக்கு நடுவே மூக்குக் கண்ணாடியும் முன்வழுக்கையுமாக ஒருவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தால் வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்? முதல் நாள் வீட்டுக்கு வந்து அவர் இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்கு முன்னால் அவர் அச்சகத்தில் மெஷின்மேன். நாலு கலர் ஓடுகிற பெரிய மெஷின். கலர் ஒரு நூல் விலகினாலும் காகிதத்தை வெளியே எடுக்கும் முன்பே நிறுத்திவிடுவார். அச்சகத்தை ஒருநாள் மூடினார்கள். அப்புறம் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். வேலை இல்லாத ஆம்பிளை வீட்டில் இருப்பது என்றால் என்னவென்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். குழாயைக் கழற்றி மாட்டினார். ஃபேனைக் கழற்றி மாட்டினார். என் தையல் மெஷின் பக்கம் ஸ்குரூ டிரைவரோடு வந்தபோதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"ஏதாவது படிங்க. இல்லைனா எங்கயாவது போங்க. என் மெஷின் மேல கை வைக்காதீங்க."

கோபத்தில் சொன்னதை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். ஒரு செருப்புக் கடைக்கு மேலே, மாடியில் இருந்த பயிற்சி நிலையத்தில் போய்ச் சேர்ந்தார். 'நெட்வொர்க்கிங். நூறு சதவீதம் வேலை உறுதி' என்று வாசலில் போர்டு. அதை நடத்துகிறவர் தன்னை டைரக்டர் என்று சொல்லிக்கொள்வார். பாடம் எடுப்பதும் அவர்தான், சேர வருகிறவர்களிடம் பேசுவதும் அவர்தான், சாயங்காலம் ஷட்டரை இழுப்பதும் அவர்தான். "கம்ப்யூட்டருக்கு உங்க வயசு தெரியவா போகுது சார்?" என்று கேட்டிருக்கிறார். இவர் அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்துவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, விழுந்து விழுந்து படித்தார். நான் தைத்துக்கொண்டிருப்பேன், அவருடைய புத்தகம் என் மெஷின் பலகையின் ஓரத்தில் விரிந்திருக்கும். நான் கேள்வி கேட்க வேண்டும், அவர் பதில் சொல்ல வேண்டும். ஸ்விட்ச் என்றால் எனக்குச் சுவரில் இருப்பதுதான் தெரியும். இது வேறு. எல்லாக் கம்ப்யூட்டரின் கம்பியும் வந்து சேர்கிற தட்டையான இரும்புப் பெட்டி, முகம் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை விளக்கு. ஒரு கட்டடம் முழுக்க ஒரே வலைதான் ஓடும். ஆனால் கணக்குப் பிரிவுக்கு ஒரு அறை, ஆபீசுக்கு ஒரு அறை என்று கண்ணுக்குத் தெரியாத சுவர் வைத்து அதைப் பிரிக்கலாமாம். கேபிளுக்குள் இருக்கிற எட்டு நிறக் கம்பியை எந்த வரிசையில் வைக்க வேண்டும் என்பது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பிரவுன், பிரவுன். கலர் வரிசை என்றதும் அச்சகத்துக்காரருக்குக் கொண்டாட்டம். வீட்டில் ஒரு மாதம் நூல் துண்டும் கம்பித் துண்டும் சேர்ந்தே கிடந்தன.

ஒருநாள் பக்கத்தைப் புரட்டும்போது ஒரு பாடத்தின் மேல் மூலைக்கு மூலை பென்சில் கோடு போட்டிருந்ததைப் பார்த்தேன்.

"இதுல நான் ஒண்ணுமே கேட்கலையே?"

"அது வேண்டாம். அடிச்சிடச் சொல்லிட்டார் டைரக்டர்."

"ஏன்?"

"எக்ஸாம்ல வராதாம். ஆறு மாச கோர்ஸை மூணு மாசமாக்கிட்டார்ல. வர்றதை மட்டும்தான் எடுக்கறார்."

பரீட்சையில் நல்ல மார்க். அங்கிள்தான் பேட்சில் முதல். டைரக்டர் கை குலுக்கி ஃபோட்டோ எடுத்துக்கொண்டார். அப்புறம் இண்டர்வியூக்கு அலைந்தது ஒரு தனிக் கதை. "அனுபவம் எத்தனை வருஷம்?" என்று ஒரு இடத்தில் கேட்டார்களாம். "இருபது வருஷம் சார்." "இதுலயா?" இவர் இல்லை என்று தலையாட்டினாராம். மேற்கொண்டு ஒரு கேள்வி இல்லை. கூடப் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் ஃபோனில் இன்ஷூரன்ஸ் விற்கப் போனார்கள். அதுவும் அந்த நூறு சதவீதத்தில் சேர்த்திதான்.

கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். அங்கே நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வெளிநாடு போய்விட்டார். குறைந்த சம்பளத்துக்கு யார் வருவார்கள்? அங்கிள் வருவார். ஆறு மாதம் பார்ப்போம், பிடித்திருந்தால் நிரந்தரம் என்றார்கள். மகள் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தாள். என் தையலில் மூன்று பேர் வயிற்றைக் கழுவலாம், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. நிரந்தரம் என்ற அந்த ஒரு சொல்லுக்காக எங்கள் வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. அவர் மறுபடியும் காலையில் சட்டையை டக் செய்தார். மறுபடியும் என்னிடம் எரிந்து விழுந்தார். எனக்கு அதுவே நிம்மதியாக இருந்தது.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் மருந்தகத்தை ஒட்டின நடைபாதையில் இருந்த ஸ்விட்ச் செத்துப்போனது. இவர் நிர்வாக அதிகாரியிடம் போய்ப் புதுசு வேண்டும் என்றார்.

"வாங்கலாம், வாங்கலாம். அதுக்கெல்லாம் மேல கேட்கணும். அதுவரைக்கும் எங்கயாவது பிடிச்சு ஒண்ணு போடுங்க. உங்களால முடியும்."

உங்களால் முடியும் என்று சொன்னால் நம்ம ஆள் மலையைக் கூட நகர்த்துவார். நேராகச் செருப்புக் கடை மாடிக்குப் போனார். டைரக்டருக்கு வாயெல்லாம் பல். "ஆஸ்பத்திரிக்கே நம்ம பெட்டியா? எடுத்துட்டுப் போங்க அங்கிள்." லேபில் பிள்ளைகள் பயிற்சி எடுக்கிற பழைய ஸ்விட்ச் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து என் வெட்டுத் துணியால் தூசி துடைத்தார். கம்ப்யூட்டரோடு மாட்டினார். அதில் இருந்த செட்டிங் அத்தனையையும் அழித்தார். அணைத்துப் போட்டார். மறுபடி பார்த்தார், மறுபடி அழித்தார். வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்களோ அப்படியே, ஒரு படி விடாமல்.

"இப்பப் பாரு. பொறந்த குழந்தை மாதிரி இருக்கு. ஒண்ணும் தெரியாது இதுக்கு."

"பொறந்த குழந்தைக்கு இவ்ளோ அழுக்கு இருக்காது," என்றேன். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

மறுநாள் காலையில் மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு ஃபோன் பண்ணி, "மாட்டிட்டேன், நல்லா வேலை செய்யுது" என்றார். ஃபோனை வைப்பதற்குள் அவருக்குப் பின்னால் யாரோ "ஸ்கிரீன் போச்சு" என்று கத்துவது எனக்கே கேட்டது.

மருந்தகத்தில் மட்டும் போகவில்லை. எல்லா வார்டிலும் போனது. ஸ்கேனில் போனது, ரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் போனது, அவசரப் பிரிவிலும் போனது. ஓடிப்போய் அந்தக் கம்பியைப் பிடுங்கியிருக்கிறார். பிடுங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தார். ஆகவில்லை. கட்டடத்தில் இருந்த அத்தனை ஸ்விட்சுக்கும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத அறைகள் மறந்துபோயிருந்தன. எந்த ஓட்டை எந்தப் பிரிவுக்கு என்று முன்னால் இருந்தவர் எங்கும் குறித்து வைக்கவில்லை. இவர் மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு கம்பியாகப் பின்தொடர்ந்து பார்த்து, ஸ்விட்சுகளை வைத்திருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு அறையாகத் திரும்பக் கட்டினார். எல்லாம் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது.

அதற்குள் ஒருவர் இறந்துவிட்டார்.

அவர் பஸ் டிரைவர். வண்டியிலேயே மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பழைய நோயாளிதான். அவருக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது, போட்டால் மூச்சு அடைத்துவிடும் என்று அவருடைய பதிவில் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. திறந்ததும் கண்ணில் குத்துகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அது திறக்கவில்லை. அவரோ பேசுகிற நிலையில் இல்லை. கூட வந்த கண்டக்டருக்கு என்ன தெரியும்? அந்த ஊசியைத்தான் போட்டார்கள். அப்பாவுக்கு ஏதோ ஒரு மருந்து ஆகாது என்று தெரிந்த மகள் வந்து சேர்ந்தபோது ஊசி உள்ளே போயிருந்தது. அந்த மருந்தின் பெயரும் அவளுக்கு நினைவில் இல்லை. எல்லாம் ஃபைலில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

இவர் கழுத்தில் அட்டையோடு கம்பியைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாக ஓடியபோது அந்தப் பெண் மறித்திருக்கிறாள்.

"அண்ணா, ஸ்கிரீன் வந்துடுச்சா? அப்பா ஃபைலைப் பாக்கணும்."

"இப்ப வந்துடும்மா," என்று சொல்லிவிட்டு இவர் ஓடியிருக்கிறார்.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டே சொன்னார். போய்க் கை கால் கழுவுங்கள் என்றேன். கழுவவில்லை. என் மெஷின் பலகைக்கு வந்து புத்தகத்தை எடுத்து, அந்தக் கோடு போட்ட பாடத்தைத் திறந்தார். நின்ற வாக்கிலேயே படித்தார். படித்து முடித்து என்னிடம் நீட்டினார்.

"ரெண்டே பக்கம்."

எனக்கே புரிகிற மாதிரிதான் எழுதியிருந்தது. ஒரே குழுவில் இருக்கிற ஸ்விட்சுகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அறைகளின் பட்டியலை யாராவது மாற்றும் ஒவ்வொரு முறையும் அதில் ஓர் எண் ஏறும். புதிதாக ஒரு பெட்டி வந்தால் மற்றவை அதன் எண்ணைத்தான் பார்க்கும். தங்கள் எண்ணைவிடப் பெரியதாக இருந்தால், அதுதான் கடைசியாகத் திருத்தியது என்று நம்பி, தங்கள் பட்டியலை அழித்துவிட்டு அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் முன்னால் இருந்தவர் எப்போதோ ஒருதரம் ஒழுங்காகப் போட்டுவிட்டுப் போனது, எண் சின்னது. லேப் பெட்டியில் வருஷக்கணக்காகப் பிள்ளைகள் அறை கட்டி இடித்து, கட்டி இடித்துப் பழகியிருக்கிறார்கள். அதன் எண் எங்கேயோ உச்சிக்குப் போயிருந்தது. செட்டிங்கை அழித்தால் அந்தப் பட்டியலும் எண்ணும் போகாது. அவை வேறு ஃபைலில் இருக்கின்றன, அதைத் தனியாக அழிக்க வேண்டும். ஒரே ஒரு வரி டைப் செய்தால் போதும்.

"ஒரே குழுன்னா? உங்க லேபும் ஆஸ்பத்திரியும் எப்படி ஒரே குழு ஆகும்?" என்று கேட்டேன்.

"அங்க எனக்கு முன்னாடி இருந்து இதைப் போட்டவரும் இதே மாடியிலதான் படிச்சிருக்கார். லேப்ல பழகறதுக்குக் கொடுத்த பேரு, பாஸ்வேர்டு, அதையே அங்கயும் வெச்சுட்டுப் போயிருக்கார்."

நாலாம் நாள் நிர்வாக அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். போச்சு, சீட்டைக் கிழிக்கப்போகிறார்கள் என்று நான் அன்று ஒரு பாவாடையை இரண்டு முறை தவறாகத் தைத்தேன். மத்தியானமே வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு உறை. ஆறு மாதம் முடியவே இல்லை, நிரந்தரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அவர் உள்ளதைச் சொல்லத்தான் போயிருக்கிறார். ஊசி என்று வாயெடுத்ததுமே அதிகாரி எழுந்து கதவைச் சாத்தினாராம். "அந்தப் பேஷண்ட் வந்தப்பவே சீரியஸ். ஹார்ட் அட்டாக். ஸ்விட்ச் பழுது, அது எங்கயும் நடக்கறதுதான். ரெண்டையும் நீங்க ஒண்ணா முடிச்சுப் போடாதீங்க. நாள் முழுக்கத் தரையில உக்காந்து வேலை பாத்தீங்க, அது எங்க கண்ணுல பட்டுது. நீங்க குடும்பஸ்தர். பொண்ணு படிக்குது, இல்ல?"

நான் சந்தோஷப்பட்டேன். இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? அந்தக் காகிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தேன். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஊசி போட்டது டாக்டர். விசாரிக்காம போட்டது அவர் தப்பு. நீங்க ஏன் எல்லாத்தையும் இழுத்துத் தலையில போட்டுக்கறீங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"டாக்டர் ஸ்கிரீனைப் பாத்தார்மா. அதுல ஒண்ணும் இல்லை."

"அதுக்கு உங்க டைரக்டர்தானே பொறுப்பு? அவர்தானே அடிக்கச் சொன்னார்?"

"கோடு போட்டது நான்."

நான் அந்தக் காகிதத்தை மடித்து உறையில் போட்டேன். அவர் தினமும் வேலைக்குப் போனார், வந்தார். சாப்பாட்டை மென்று முழுங்கினார். ஆஸ்பத்திரிக்குப் புது ஸ்விட்ச் வந்தது, மேலே கேட்காமலே. பழைய பெட்டியைச் செருப்புக் கடை மாடிக்கே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். நடந்ததை டைரக்டரிடம் சொல்லி, அந்தப் பாடத்தைச் சேர்த்து நடத்தச் சொல்லியிருக்கிறார். "பாக்கலாம் அங்கிள், நேரம் இருந்தா பாக்கலாம்" என்றாராம் அந்த மனுஷர். அந்தப் பெட்டி மறுபடியும் லேப் மேஜையில் உட்கார்ந்து, அதன் எண் மறுபடியும் ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் மாடி வாசலில் புது போர்டு. என் வீட்டுக்காரரின் படம், ஆள் உயரத்துக்கு. 'வயது ஒரு தடையல்ல. எங்கள் மாணவர், இன்று முன்னணி மருத்துவமனையில் நிரந்தரப் பணியில்.' புது பேட்ச் தொடக்க நாளில் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று டைரக்டர் வீட்டுக்கே வந்து அழைத்தார். இவர் மறுபேச்சு இல்லாமல் வருகிறேன் என்றார். அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. ஐந்து பேர் இருந்தால் ஆறாவது ஆளாகப் பேசவே கூசுகிறவர். நானும் வருகிறேன் என்று கிளம்பினேன்.

படியேறும்போது சொன்னேன். "நன்றி சொல்லிட்டு உட்காருங்க. நமக்கு ஒரு பொண்ணு இருக்கா. அதை மட்டும் நினைங்க."

"அதைத்தான் நினைக்கறேன்," என்றார்.

சின்ன ஹால், பிளாஸ்டிக் நாற்காலிகள், புதுப் பையும் புது நோட்டுமாகப் பிள்ளைகள். ஜன்னல் ஓரத்து மேஜையில் அந்தப் பெட்டி பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். டைரக்டர் இவரைப் பற்றி ஆகா ஓகோ என்று பேசிவிட்டுப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். இவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். பேனாக்கள் தயாராக இருந்தன.

"அந்த ஜன்னல் ஓரத்துல இருக்கிற பெட்டியை நான் ஆஸ்பத்திரியில மாட்டினேன்," என்று ஆரம்பித்தார்.

என் கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. எழுந்து "ஏங்க" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் நிறுத்தியிருப்பார். என் சத்தத்துக்குப் பயப்படுகிறவர்தான் அவர். எழுந்திருக்கவும் பார்த்தேன். அதற்குள் அவர் அந்த டிரைவரின் மகளிடம் வந்துவிட்டார். "இப்ப வந்துடும்மான்னு சொன்னேன். என்னை நம்பி அந்தப் பொண்ணு உக்காந்துடுச்சு," என்றபோது அவர் குரல் உடைந்தது. நான் திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

ஊசியைச் சொன்னார். சிவப்பு எழுத்தைச் சொன்னார். கதவு சாத்தியதைச் சொன்னார். எதற்காக நிரந்தரம் ஆனது என்றும் சொன்னார். டைரக்டர் முகத்தில் ஈயாடவில்லை. கையில் ஃபோனை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார், யாருக்கு என்று எனக்குத் தெரியாதா? நாளைக்கு அந்த வேலை இருக்காது. மகளிடம் என்ன சொல்வது என்று நான் அந்த நாற்காலியிலேயே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அத்தனை கோபத்திலும் அவரைத் தவிர வேறு யாரையும் என்னால் பார்க்க முடியவில்லை.

அவர் திரும்பி வெள்ளைப் பலகையில் அந்த ஒரு வரியை எழுதினார். எந்த ஃபைலை, எப்படி அழிப்பது என்று. பெரிய பெரிய எழுத்தாக, கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி.

"நீங்க எந்தப் பெட்டியை எங்க கொண்டுபோனாலும் முதல்ல இதைச் செய்யுங்க. வேற எதை மறந்தாலும் பரவாயில்லை. இதை எழுதிக்கோங்க."

எல்லோரும் குனிந்து எழுதினார்கள். ஹாலில் வேறு சத்தமே இல்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை நாள் கழித்து அன்றைக்குத்தான் அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

முன் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். என் மகளைவிட மூன்று நாலு வயது கூட இருக்கும். மரியாதையாக எழுந்து நின்றுதான் கேட்டாள்.

"அங்கிள், இது எக்ஸாம்ல வருமா?"

அவர் அவளைப் பார்த்தார்.

"வராதும்மா," என்றார் டைரக்டர், ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்தப் பெண் உட்கார்ந்து, எழுதியதன் மேல் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் இருந்தவன் அதைப் பார்த்துத் தானும் போட்டான். அவர் மூடாத மார்க்கரைக் கையில் பிடித்தபடி பலகையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். வரிசை வரிசையாகப் பேனாக்கள் கோடு இழுக்கிற சத்தம் நான் இருந்த கடைசி நாற்காலி வரைக்கும் வந்தது.